தொப்பூர் இறக்கத்தில் அறுபத்திரண்டு டிகிரி

ஏப்ரல் 12, சனி

வீடு 37. மிஷின் 96. ஓடியது 41 நிமிடம்.

வீட்டுச் சூடு, மிஷின் சூடு, அது ஓடிய நேரம், இந்த மூன்றையும் தினமும் குறித்து வைக்கச் சொல்லி மகள் பூவிழியின் உத்தரவு. போட்டோ எடுத்துப் புனேவுக்கு அனுப்பினால், மிஷின் ஏன் சூடேறி நின்றுபோகிறது என்று அங்கிருந்தே கண்டுபிடித்துவிடுவாளாம். சரி, குறித்தாகிவிட்டது. ஆனால் ஒரு பக்கத்தில் ஒரே வரிதான் போயிருக்கிறது. மிச்சம் இருபது வரி வெள்ளையாகக் கிடக்கிறது. என்னை அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத வேண்டியதெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. போட்டோவில் மேல் வரி மட்டும் விழுகிற மாதிரி எடுத்தால் போயிற்று.

மிஷின் என்றால் பூவிழி காலேஜில் படிக்கும்போது சாமான் சாமானாக வாங்கிக் கட்டிய கம்ப்யூட்டர். கண்ணாடிப் பெட்டி. உள்ளே குழாய்களில் நீலத் தண்ணீர் சுற்றுகிறது. உச்சியில் ஒரு ரேடியேட்டர், முன்னால் ஒன்று, ஆறு ஃபேன். முதல் தடவை பார்த்ததும் "இதில் மீன் எங்கேடி?" என்று கேட்டேன். இன்னும் அதற்குக் கோபம் அவளுக்கு.

வேலைக்குப் போகும்போது அப்பாவுக்கென்று விட்டுப்போனாள். ஸ்டியரிங்கும் கியரும் மூன்று பெடலும் வாங்கி மாட்டி, லாரி ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டு, யாரோ புண்ணியவான் வரைந்துவைத்த நம்மூர் ரோட்டையும் ஏற்றிக்கொடுத்தாள். சங்ககிரியில் ஏறினால் சேலம், தொப்பூர், தர்மபுரி, ஓசூர் என்று போய்க்கொண்டே இருக்கலாம். மின்கம்பம்கூட அப்படியே இருக்கிறது என்கிறார் என் வீட்டுக்காரர்.

போனால்தானே. நாற்பது நிமிடத்தில் திரை பட்டென்று இருட்டிவிடுகிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீடு 38. மிஷின் 97. ஓடியது 36 நிமிடம்.

ஏப்ரல் 14, திங்கள்

வீடு 37. மிஷின் 96. ஓடியது 40.

சித்திரை ஒன்று. மாங்காய்ப் பச்சடி வைத்தேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார் லாரி ஓனர் அங்கப்பன். இவர் பத்து வருடம் ஓட்டிய வண்டியின் முதலாளி.

"செங்கோடா, மே அஞ்சாந்தேதி நாக்பூர் லோடு. புது டிரைவர் ஒருத்தன்தான். நீ கூட வந்து உக்காரு. அப்பப்ப ஸ்டியரிங் மாத்திக்கிட்டாப் போதும். எத்தன நாளைக்கு ஊட்லயே குந்தியிருப்ப?"

"பாக்கலாம்" என்றார் இவர்.

அங்கப்பனுக்கு ஒன்றும் தெரியாது. சர்க்கரை ஏறிப்போய் ஓய்வில் இருக்கிறார் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். கார்த்திகையில் ஓமலூர் டீக்கடையில் ஒருமுறை, தையில் வீட்டுக் குளியலறையில் ஒருமுறை விழுந்தார். சேலத்து டாக்டர் அதற்கு ஒரு பேர் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். மயக்கம் என்று எழுதுகிறேன். இனிமேல் வண்டி ஓட்டக்கூடாது என்று மருந்துச் சீட்டில் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார். லைசென்ஸ் மட்டும் இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

அதற்குப்பின் மாசி முழுக்க மனுஷன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் இந்த ஸ்டியரிங் வந்தது. முதல் நாள் ஓட்டிவிட்டு இறங்கி, "பிரேக்கு கொஞ்சம் லூசு" என்றார். அது ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று மிஷின் நின்றபோது சொன்னார்: "இந்தப் பொம்ம வண்டிகூட என்னைய நடுரோட்டுல எறக்கி உடுது. நெச வண்டிக்கே போயிர்றேன் புள்ள."

"போங்க மாமா. போறப்ப பச்சடியக் குடுத்தனுப்பறேன், அங்கப்பன் அண்ணனுக்கு ரொம்பப் புடிச்சுது. மூணு கரண்டி."

சிரிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

வீடு 38. மிஷின் 93. ஓடியது 48.

பூவிழி வீடியோவில் வந்தாள். அவள் கூப்பிடுகிறேன் என்று சொன்ன நேரத்துக்குள் ஹாலைக் கூட்டி, மிஷின் மேல் கிடந்ததை எடுத்து மடித்து வைத்து, கண்ணாடியையும் துடைத்துவிட்டேன். நாலு பேர் பார்க்கிற வீடியோவில் நம் வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கக்கூடாது.

"பெட்டிய ஏம்மா செவுத்தோட ஒட்டி வெச்சிருக்க? பின்னால சூடான காத்து எப்படிப் போகும்?"

"செவுத்துல ஆணியடிச்சு ஓட்டை போடட்டுமா கண்ணு?"

"அம்மா! ஒரு முழம் முன்னால தள்ளு."

தள்ளினோம். மூன்று டிகிரி குறைந்தது. பின்னால் கைவைத்துப் பார்த்தால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி அடிக்கிறது.

ஏப்ரல் 19, சனி

வீடு 38. மிஷின் 90. ஓடியது 55.

முன்பக்கம் தூசி வடிகட்ட வலை ஒன்று இருக்கிறதாம். கழற்றினால் ஒரு பூனைக்குட்டி அளவுக்குப் பஞ்சு. பையில் போட்டுப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று அடிக்கச் சொன்னேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த வண்டி டயருங்க அக்கா?" என்றார். "ஏரோப்ளேன்" என்றேன். கவனமாக அடித்தார்.

திரும்பி வந்து, ரேடியேட்டரில் தண்ணீர் இறங்கியிருக்கிறதே என்று போர்வெல் தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்துவந்தேன். நல்லவேளை, ஊற்றும் முன்னால் பூவிழிக்குப் போன் போட்டுக் கேட்டேன். புனேவில் அவள் கத்தியது சங்ககிரியில் போன் இல்லாமலே கேட்டிருக்கும். உப்பு படிந்து குழாய் அடைத்துப்போகுமாம். அலமாரியில் அதற்கென்று ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறாளாம். மூடிக்கு முத்திரை வைத்த தண்ணீர். மகாராணி மாதிரி குடிக்கிற மிஷின்.

கல்யாணமான புதிதில் எந்தத் தண்ணீர் கிடைத்தாலும் ஊற்றுவோம். தொப்பூர் ஏற்றத்தில் பாதியில் வண்டி குக்கர் மாதிரி சீறும். ஓரங்கட்டிவிட்டு, "பக்கத்துல வராத புள்ள, ஆவி அடிக்கும்" என்று என்னைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திறப்பார். நான் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போடுவேன். "ரேடியேட்டருக்கு ஊத்துன தண்ணிய எனக்கு ஊத்தியிருந்தா நாலு தடவ குளிச்சிருப்பேன்" என்பேன். பூவிழி வயிற்றில் தங்கும்வரை இரண்டு வருடம் அந்த வண்டியில்தான் எங்கள் குடித்தனம். நகராத வீடு எனக்கு அப்புறம்தான் கிடைத்தது. கிடைத்தபோது பெரிதாகப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வீடு 39. மிஷின் 87. ஓடியது 1 மணி 5.

பெட்டிக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். பூவிழிக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். இவர் கை அமர்த்தினார். காதை வைத்துக் கேட்டார்.

"ஏர் லாக். லைன்ல காத்து நிக்குது."

"கம்ப்யூட்டருக்கும் அதெல்லாம் வருமுங்களா?"

"தண்ணி ஓடுற எல்லாத்துக்கும் வரும்."

மோட்டாரை ஓடவிட்டுப் பெட்டியை மெதுவாக இடப்பக்கம் சாய்த்தார். வலப்பக்கம் சாய்த்தார். பச்சைக் குழந்தைக்கு ஏப்பம் வரவைக்கிற மாதிரி. ஒரு பெரிய குமிழி குழாய்க்குள் புறப்பட்டு வந்து தொட்டியில் வெடித்தது. சத்தம் நின்றது. சாயங்காலம் பூவிழியிடம் நானே சொன்னேன். "அப்பாவா? யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். இவர் காது கேட்காதவர் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 25, வெள்ளி

வீடு 40. மிஷின் 96. ஓடியது 44.

எல்லாம் செய்தும் மறுபடி பழையபடி. தர்மபுரிகூட எட்டவில்லை. இவர் எழுந்து வெளியே போய் அங்கப்பனுக்குப் போன் செய்தார். ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "அஞ்சாந்தேதி வர்றேன்."

காக்கிச் சட்டையை அவரே துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். இருபத்தேழு வருடத்தில் ஒரு கைக்குட்டை துவைத்ததில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

வீடு 40. மிஷின் 64. ஆமாம், அறுபத்து நாலுதான். ஓடியது: நாங்களாக நிறுத்தும்வரை.

குற்றவாளி அகப்பட்டுவிட்டாள். நான்தான்.

இன்று பூவிழி சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டுவிட்டாள். இவர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். எதையும் எடுத்துவைக்க நேரமில்லை.

"அம்மா, மிஷின் மேல என்ன அது?"

"ஜமக்காளம் கண்ணு."

"எதுக்கு?"

"இன்ஜின் மேல போடுறதுதான். இல்லேன்னா சூடு ஆளுக்கு அடிக்குமில்ல?"

திரையில் அவள் முகம் கிட்டே வந்தது. பிறகு, "எத்தன நாளா?" என்றாள், ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில்.

"மொத நாள்லருந்து. நீ வீடியோல வர்றப்ப மட்டும் எடுத்து மடிச்சு வெச்சிருவேன். அசிங்கமா இருக்குமில்ல?"

"அய்யோ அம்மா! சூடான காத்து மொத்தமும் வெளிய போற எடமே அதுதாம்மா! மேல இருக்கறதுதான் ரேடியேட்டர்!"

என்ன செய்வது? பழைய லாரியில் இன்ஜின் பெட்டி கேபினுக்கு உள்ளேயே, டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் இருக்கும். அதன்மேல் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதில்தான் நான் உட்கார்ந்து போனேன். பத்தொன்பது வயதில் பெல்லாரி, சோலாப்பூர், நாக்பூர் எல்லாம் அப்படியே பார்த்தேன். அடியில் இன்ஜின் நடுங்க, ஜமக்காளத்தையும் மீறிச் சூடு ஏற, இவர் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் முழங்கை என் முழங்காலில் இடிக்கும். வழி மட்டமாக இருந்த இடத்தில்கூட இவர் நிறைய கியர் மாற்றினார். எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தார்.

இவர் ஓட்டுகிறார், பக்கத்தில் ஒரு மிஷின் சுடுகிறது. என் கை தானாக ஜமக்காளத்தை மடித்துப் போட்டுவிட்டது. அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு மாதமாக ரோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெயில் ஏற ஏற, அதை நானே இரட்டையாக வேறு மடித்தேன்.

எடுத்ததும் உச்சியிலிருந்து புஸ்ஸென்று காற்று. எண் கண்முன்னால் இறங்கியது. 90, 81, 70, 64.

இவர் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க. மாமியார் போனபின் இந்த வீட்டில் இந்தச் சத்தம் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வீடு 40. மிஷின் 63. இரண்டு மணி நேரம். ஓசூர்!

ஏப்ரல் 30, புதன்

வீடு 41. மிஷின் 63. இரண்டரை மணி.

தக்காளி லோடு. கிருஷ்ணகிரி தாண்டியதும், "இந்த எடத்துல ஒரு புளியமரம் இருந்துது, நெனவிருக்கா?" என்றார். இருந்தது. அதன்கீழ் நான் செய்த புளிசாதத்தில் புளியே போடாமல் விட்டதும் நினைவிருக்கிறது. மரத்துக்கு மரியாதை என்று அன்று சமாளித்தேன். இப்போது ரோடு ஆறு வழி. மரத்தை வெட்டியதைக் கேமுக்கு வரைந்தவனும் சரியாகத்தான் வரைந்திருக்கிறான்.

ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இனி வரவில்லை என்று அங்கப்பனுக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

மே 2, வெள்ளி

வீடு 40. மிஷின் 62.

மெதுவாகக் கேட்டேன். "மிஷின்தான் சரியாப்போச்சுங்களே மாமா. அஞ்சாந்தேதி எதுக்கு?"

"அதனாலதான் போறேன்" என்றார். "அஞ்சு நாளா ரெண்டு மணி, ரெண்டரை மணி உக்காந்து ஓட்டறேன். ஏதாச்சும் ஆச்சா? மாத்திரை கேக்குது. எனக்கு ஒண்ணுமில்ல புள்ள."

நான் வாயாடி என்று நாலு தெருவுக்குப் பேர். எழுந்து போய் மிஷினின் எண்ணைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு டிகிரியாக நான் இறக்கியதெல்லாம் அவரை நாக்பூருக்கு ஏற்றிவிடத்தானா? ஜமக்காளத்தை எடுத்துத் திரும்பப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். போடவில்லை. பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

பூவிழியிடம் சொன்னேன். அப்பாவிடம் பேசினாள். அழுதாள். "சரிம்மா, சரிம்மா" என்றார். பையில் காக்கிச் சட்டை அப்படியே இருக்கிறது.

மே 3, சனி

மிஷின் 62.

எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தார். ஓசூரிலிருந்து திரும்பும் லோடு, இரும்புக் கம்பி. தர்மபுரியில் டீ குடித்தார், நிஜ டீ, நான் போட்டது. தொப்பூர் இறக்கம் தொடங்கியதும், "டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல எறக்குறவன் மனுசனே இல்ல" என்று வழக்கமான பாட்டைப் பாடினார். நான் திரையின் மூலையில் இருந்த சூட்டு எண்ணைப் பார்த்தேன். அறுபத்திரண்டு. காற்று என் கையில் ஜில்லென்று பட்டது.

இரண்டாவது வளைவில் பேச்சு பாதியில் நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் மேலே போயிருந்தது. வலது கால் ஆக்சிலேட்டரை அழுத்தியபடி விறைத்துவிட்டது. கை ஸ்டியரிங்கை இழுத்துக்கொண்டே போனது. நாற்காலியோடு சாய்ந்தவரைத் தாங்கித் தரையில் ஒருக்களித்துப் போட்டேன். டாக்டர் சொன்னபடி வாயில் ஒன்றும் வைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். ஒன்றே முக்கால் நிமிடம். அத்தனை நேரமும் தலைக்குமேல் லாரி சத்தம், மோதல் சத்தம், ஹாரன் சத்தம். மிஷின் நிற்கவில்லை. அதை நிற்காமல் ஓட வைத்தவள் நான்தான்.

கால் மணி கழித்துக் கண் தெளிந்தது. படுத்தபடியே திரையைப் பார்த்தார். தடுப்பை உடைத்துக்கொண்டு போய் வண்டி தலைகீழாகக் கிடந்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வேனின் பாதி. கொஞ்சம் தள்ளி ஒரு டூவீலர், அதன் ஆள் இல்லாமல்.

"இது யாரு வண்டி?" என்றார்.

குனிந்து அவர் வாயோரத்தைத் துடைத்தேன்.

"உங்குளுதுதானுங்க."

ரொம்ப நேரம் பார்த்தார். நான் மிஷினை அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார்.

மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். மிஷினைப் போடவில்லை.

காலையில் வாசலில் நின்றுகொண்டு, நான் கேட்கட்டும் என்று சத்தமாகவே போன் பேசினார். "அங்கப்பா, நான் வரல. சர்க்கரையெல்லாம் இல்ல. எனக்கு வலிப்பு இருக்குது. ஆமா, வலிப்பு. நீ வேற ஆளப் பாரு. அந்தப் புதுப் பையன மெதுவாப் போகச் சொல்லு."

அவர் சொல்லிவிட்டார், நானும் எழுதிவிடுகிறேன். வலிப்பு. எழுதினால் நாலே எழுத்து.

பிறகு உள்ளே வந்து தோசை கேட்டார். நாலு சாப்பிட்டார்.

மே 6, செவ்வாய்

வீடு 41. மிஷின் 61.

நேற்றுச் சேலம் போய் வந்தோம். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். அந்த வெளிச்சத்தின் முன்னால் மணிக்கணக்காக உட்காரவும் கூடாது என்றுவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது இவர் எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மறுபடி காலண்டர்தானா என்று பயந்துகொண்டே வந்தேன்.

இன்று சாயங்காலம் மிஷினைப் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்து, திரை வெளிச்சம் நேராகப் படாமல், என்னைப் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் போட்டு அதில் அவர் உட்கார்ந்தார்.

"நீ ஏறு புள்ள."

"நானா? சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

"ரெண்டு வருசம் பக்கத்துலயே உக்காந்து பாத்தியே, என்னத்தப் பாத்த?"

"ரோட்டையா பாத்தேன் நான்?"

காது சிவந்துவிட்டது மனுஷனுக்கு, ஐம்பத்து மூன்று வயதில். கிளட்ச் எது என்று காட்டினார். "எங்க போலாம்? சொல்லு" என்றார்.

லாரிக்காரன் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. லோடு எங்கே போகிறதோ அங்கேதான் நாங்களும் போவோம்.

"லோடு என்னங்க?"

"லோடு இல்ல. காலி வண்டி. நீ சொல்ற எடம்."

எனக்கு இடம் ஒன்றும் தோன்றவில்லை. கிளட்ச்சை விட்டேன். வண்டி துள்ளிப் போய் முதல் கம்பத்தில் இடித்தது.

"மெதுவா! மெதுவாங்கறேன்! அது பிரேக்கு இல்ல, அய்யோ, இந்தக் கால எடு! லெஃப்ட்டு பாரு! ஆடு வருது பாரு! எங்கடி உனக்கு லைசென்ஸ் குடுத்தாங்க?"

பெட்ரோல் பங்க் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் இடித்தேன். அவர் வாய் ஒரு நொடி ஓயவில்லை. புறவழிச்சாலை நேராகத்தான் போனது. ஏறினால் சேலம் அரைமணிதான். நான் ஏறவில்லை. வளைவும் மேடுமாக, நிறைய கியர் மாற்ற வேண்டிய சின்ன ரோடாகப் பார்த்துத் திருப்பினேன்.